பூப்பெட்டிக்குள் நாலு கிலோமீட்டர்

எங்கள் தொழிலில் செய்கிற சரக்கு கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது. கெட்டுப்போனால் மட்டும் பளிச்சென்று தெரியும். கருவிகளோடு மல்லுக்கட்டி முடி கொட்டிய அன்பர்களே, உங்களுக்குச் சொன்னால் புரியும். திண்டுக்கல் பைபாஸ் ஓரம் ஐந்து பேர் வேலை பார்க்கும் சின்ன லேப். ரேடாருக்கு வேண்டிய மைக்ரோவேவ் சிக்னலை லேசர் ஒளியை வைத்து உண்டாக்குகிறோம்.

ஊசி

தலைமுடி அளவுக் கண்ணாடி நூல் நாலு கிலோமீட்டரை ஓர் உருளையில் சுற்றி, அதற்குள் லேசரை ஓடவிட்டு, மறுமுனையில் வரும் ஒளியை மின்சாரமாக்கி, திரும்பத் தொடக்கத்துக்கே அனுப்ப வேண்டும். இப்படிச் சுற்றிச் சுற்றியே சிக்னல் பிறந்துவிடும். முதன்முதலாகப் பிறந்த அன்று திரையில் ஒரே ஒரு கோடு, ஊசி மாதிரி நட்டுக்க நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. முதலாளி மரியதாஸ் சார் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார்: "யப்பா, நொடிக்கு ஆயிரங்கோடி தடவ ஆடுது, ஆனா அசையவே மாட்டேங்குதேப்பா!"

செம்பட்டி பஸ்

சந்தோஷம் செத்த நேரம்தான். செம்பட்டி பஸ் ரோட்டில் போகும்போதெல்லாம் ஊசியின் அடியில் குட்டிக் குட்டிக் கோடுகளாய்ப் புல் முளைத்தது. அதுதான் இரைச்சல், புல் வளர்ந்தால் ரேடாருக்குச் சின்ன மழைமேகம் தெரியாது. நாங்கள் பேசுவதைக்கூட அந்தக் கண்ணாடி நூல் கேட்டது, பாருங்கள்! ஃபேனை நிறுத்தினோம், ஏ.சி.யை நிறுத்தினோம், வேர்த்து வடிந்தோம்.

கூட வேலை பார்க்கும் ஜெசிந்தாவின் அண்ணன் பூ வியாபாரி. மறுநாள் அவள் ஒரு தெர்மாகோல் பூப்பெட்டியோடு வந்தாள். உள்ளே பஞ்சு போட்டு உருளையை வைத்து மூடினோம். பஸ் போனது, புல் முளைக்கவில்லை. என்னைப் பார்த்து அவள் கேட்டாள்: "மல்லிய மதுர ஏர்போர்ட் வரைக்கும் வாடாம கொண்டுபோற பெட்டிண்ணே, உங்க நூலக் காப்பாத்தாதா?"

வாங்க வந்தவர்

மழை ரேடார் செய்யும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார், சொந்த ஊர் பழனிப் பக்கம். அவர் வேண்டாமென்றால் லேபையே மூட வேண்டியதுதான் என்று சார் முன்பே சொல்லியிருந்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. "உள்ள பாருங்க சார்" என்று பெட்டியைத் திறந்து காட்டியவன், மூடியைத் திரும்ப வைக்க மறந்துவிட்டேன். அவர் பேசப் பேசத் திரையில் புல் காடாக மண்டியது. சார் முகம் வெளுத்துவிட்டது. ஜெசிந்தாதான் ஓடி வந்து மூடியை அமுக்கினாள்.

புல் அடங்கியது. வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையையே பார்த்தார். எழுந்து வந்து தானே மூடியைத் திறந்து இருமினார். மூடிவிட்டு இருமினார். அப்புறம் கருவியின் குமிழைத் திருகினார். ஊசி கொஞ்சங்கூடப் பருக்காமல் அடுத்த அலைவரிசைக்கு நகர்ந்தது. ஒருவழியாக அவர் வாயைத் திறந்தார்: "ஏனுங்க, நான் இருமுனத நாலு கிலோமீட்டர் நூலும் கேட்டுச்சுங்க, மூடி போட்டா கேக்கவே இல்லீங்க, எங்களுக்கு ஆறு செட் வேணும், இந்தப் பூப்பெட்டியோடயே அனுப்பீருங்க!"

ஐந்து பேர் பிழைப்பில் பாதியை ஒளி காப்பாற்றியது, மீதியைத் தெர்மாகோல் மூடி காப்பாற்றியது. என்னை மட்டும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்றுவரை யாரும் விடுவதில்லை.