சரிந்த எலும்பும் சரி என்று கேட்ட காதும்

கன்னடத்தில் 'மூளெ' என்றால் எலும்பு. அது எனக்குத் தெரியும், பெருமை அத்தோடு முடிந்தது. பெங்களூருக்கு வந்து ஆறு வருடமாகியும் என் கன்னடம் ஆட்டோ பிடிக்கவும் காய்கறி வாங்கவும்தான் உதவும். ஆனால் எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

இடுப்பு வலிக்கு லிங்கராஜபுரத்தில் எக்ஸ்ரே எடுத்தபோதும் அப்படித்தான் ஆட்டினேன். படம் எடுத்தவர், "மூளெ சரிதிதெ மேடம்" என்றார். எலும்பு சரிந்திருக்கிறது என்று அர்த்தம். என் காதில் விழுந்ததோ 'சரி இதெ', அதாவது நன்றாக இருக்கிறது. தேங்க்ஸ் சொல்லிவிட்டு வந்தேன். டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. படத்தை அலமாரி மேல் போட்டுவிட்டு, நாலு வயது மகளை வழக்கம்போல இடுப்பில் சுமந்து மூன்று மாடி ஏறிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் போயிருக்கும். ஏறி வந்து வாசலில் பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. ஒரு மாடி கீழே கிடந்தது. எப்போது கழன்றது என்று கால் எனக்குச் சொல்லவே இல்லை. அன்று மாலை முதுகில் தைலம் தேய்த்த கணவரின் கை பாதியில் நின்றது.

"இங்க ஒரு படி மாதிரி இருக்கு. நீயே தொட்டுப் பாரு."

தொட்டேன். முதுகெலும்பில் விரல் சட்டென்று உள்ளே இறங்கியது. என்னைக் கேட்காமல், சத்தமே இல்லாமல் எனக்குள் ஒன்று நகர்ந்திருக்கிறது. அலமாரி மேல் கிடந்த எக்ஸ்ரே படத்தை அப்போதே கீழே எடுத்தேன்.

மறுநாள் டாக்டர் விளக்கினார். அந்த எலும்பு அடியில் உள்ளதை விட்டு முன்னால் சரிந்து, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. மேலும் நகராமல் பார்த்துக்கொள்ளலாம். கனம் தூக்கக் கூடாது, முதுகைப் பின்னால் வளைக்கக் கூடாது, வயிற்றுத் தசைக்குப் பயிற்சி வேண்டும். சிறுநீர் அடைத்தால் உடனே வர வேண்டும். காலில் உணர்ச்சி இன்னும் குறைந்தால் ஆபரேஷன்தான். தினமும் கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது கால்விரலைத் தொடச் சொல்லி, எந்த விரல் என்று சொல்லிப் பாருங்கள் என்றார்.

அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். தூக்கிக்கொள்ளாத அம்மாவிடம் அவளுக்கு மிஞ்சிய விளையாட்டு அது. முதல் வாரம் பாதிக்குப் பாதி தப்பு. போன ஞாயிறு காலை ஐந்து விரலையும் சரியாகச் சொன்னேன். கால் பிழைத்தது என்று அழுகையே வந்துவிட்டது.

"இன்னொரு வாட்டி," என்றாள்.

கண்ணை மூடினேன். குளிர்ந்த சின்ன விரல் ஒன்று மெல்ல அழுத்தியது.

"கட்டவிரல்," என்றேன்.

"நான் இன்னும் தொடவே இல்லம்மா," என்றாள். குரல் கதவுப் பக்கமிருந்து வந்தது.