முதல் கூடை விழும் வரை

வெர்லின் ஸ்டக்கியை நினைத்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். மனிதன் நல்லவன்தான். ஓய்வு பெறும்வரை தானியக் கிடங்கில் லாரிகளை எடை போட்டு அனுப்பும் வேலை பார்த்தான். இண்டியானாவில் எங்கள் பக்கத்து விவசாயி எவனும் அவன் எடையைச் சந்தேகப்பட்டதில்லை. மனைவி ரூத்தன் படுக்கையில் கிடந்த காலத்தில் சமையல், துணி, மருந்து எல்லாம் அவனே பார்த்தான். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பான். நாலாவது காலை அவன் கையில் பிடித்துக் கொடுத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

எங்கள் ஆல்டன்ஃபோர்க் கல்லூரியின் கூடைப்பந்து அரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நின்று கை தட்டுவோம். எங்கள் அணி முதல் கூடை போடும்வரை யாரும் உட்காரக் கூடாது. ஃப்ரீ த்ரோ கணக்கில் சேராது. அது எதிராளி செய்த தப்புக்குக் கிடைத்த தானம், தானத்தை எல்லாம் கூடை என்று சொல்ல முடியாது என்பது எங்கள் பகுதியின் சட்டம். நல்ல அணி இருந்த நாளில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. எழுந்தோம், விழுந்தது, உட்கார்ந்தோம். பிறகு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக அணி ஆகிவிட்டது. நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போனது, நிற்பவர்களின் வயதும்தான்.

போன ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, ஆட்டம் தொடங்கி வெகுநேரம் ஆகியும் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. வெர்லினுக்கு இடுப்பு மூட்டு மாற்றி வைத்த உடம்பு. நான் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். உட்கார மாட்டேன் என்றுவிட்டான். கடைசியில் கால் துவண்டு படிக்கட்டில் விழுந்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகும்போதும் என்னைப் பார்த்து, "கூடை போட்டாங்களா, ஆர்வின்?" என்றுதான் கேட்டான். போடவில்லை.

அவன் மகள் ஜனெல் பல் டாக்டரிடம் நர்ஸாக இருக்கிறாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டாள்: "இதோ பாருப்பா, அடுத்த சீசன் முதல் ஆட்டத்துக்கு நானும் வருவேன். கால் நடுங்குதுன்னு தெரிஞ்சா நீ உக்காரணும். உக்காந்தா எல்லா ஆட்டத்துக்கும் போ, நான் வாயே திறக்க மாட்டேன். வீம்புக்கு நின்னே, உன் சீசன் டிக்கெட்டை அன்னைக்கே திருப்பிக் குடுத்துடுவேன்."

உட்காருவது அவனால் ஆகாத காரியம். அதனால் அவனுக்கு ஒரே வழிதான் இருந்தது. கால் நடுங்குவதற்குள் யாராவது ஒரு கூடை போட்டாக வேண்டும்.

ஏப்ரலில்தான் அந்தச் செய்தி வந்தது. டேமியர் ரிக்கெட்ஸ் என்ற ஷூட்டிங் கார்டு, தூரத்திலிருந்து கூடை போடுவதற்கென்றே உள்ள ஆட்டக்காரன், எங்கள் அணியில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டான். மறுநாள் காலை பெக்கின் சாப்பாட்டுக் கடையில் எங்கள் மேசையில் பிஸ்கட் என்கிற மெத்து ரொட்டியும் அதன்மேல் ஊற்றிய கிரேவியும் ஆறிக் கிடக்க, டிராக்டர் உதிரிபாகக் கடைக்காரன் கோய் ரிக்கெட்ஸ் ஆடிய வீடியோவைத் தன் போனில் ஆளாளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பதினேழு பாயிண்டுய்யா! ஒரு ஆட்டத்துக்குப் பதினேழு! பாருங்க, எங்கேருந்து போடறான்னு பாருங்க!"

"மூணு வருஷத்துல மூணாவது காலேஜ்" என்றேன். "போட்ட சட்டை துவைச்சுக் காயறதுக்குள்ள கலர் மாறிடுது. அடுத்த ஏப்ரல்ல எந்த ஊர்ல இருப்பானோ!"

"இப்பல்லாம் காலேஜ் ஆட்டக்காரனுக்கும் காசு உண்டுய்யா" என்றான் கோய். "கூடக் குடுக்கற இடத்துக்குப் போறான். நீ இன்சூரன்ஸ் வித்தப்போ ரெண்டு கம்பெனி மாறலையா?"

"எனக்காக யாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டல."

எதிரே வில்மா டீச்சர் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். எனக்கும் வெர்லினுக்கும் மூன்றாம் வகுப்பு எடுத்தவர். தொண்ணூறைத் தொட்டாயிற்று, கூர்மை குறையவில்லை. அரங்கத்தில் எங்களுக்கு நேர் பின்வரிசையில் இருப்பவர். "இடது பக்கம் போகவே மாட்டேங்கறானே, இந்தப் பையன்" என்றார். "எதிராளி அதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும். தடுப்பாட்டமும் சுமார்தான். கை மட்டும் அழகா இருக்கு."

வெர்லின் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "எல்லாம் சரி. முதல் கூடைய எப்போ போடுவான்?"

"என்னய்யா கேள்வி இது?" என்றான் கோய்.

"இந்தப் படத்துல ஒரு பந்துகூடத் தப்பல. தப்பாத மனுஷன் எவனாவது இருக்கானா? விழுந்ததை மட்டும் வெட்டி ஒட்டியிருக்கான். முழு ஆட்டம் எங்க?"

முழு ஆட்டத்தையும் அவனே தேடிப் பார்த்தான். கோடைக்காலம் பூராவும் ஊர் சோளத்தையும் மழையையும் பேசிக்கொண்டிருக்க, இவன் ஜனெலின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ரிக்கெட்ஸின் பழைய ஆட்டங்களை ஒன்று விடாமல் பார்த்தான். ஆகஸ்டில் ஒருநாள் என் வீட்டுப் புல்வெளியில் வந்து நின்றான். முகம் செத்துப்போயிருந்தது.

"ஆர்வின், இந்தப் பய இடைவேளைக்கு அப்புறம்தான் முழிச்சுக்கறான். பதினேழு பாயிண்டும் கடைசிலதான் வருது. ஆரம்பத்துல சும்மா ஓடிக்கிட்டுத் திரியறான்."

"ஜெயிச்சா சரிதானேய்யா?"

"ஜெயிக்கறது யாருக்கு வேணும்!" என்று கத்தினான். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

அக்டோபரில் ரசிகர்கள் தினம். ஆட்டக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்து குழந்தைகளின் பந்துகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெர்லின் ஊன்றுகோலோடு வரிசையில் நின்றான். ரிக்கெட்ஸ் மரியாதையான பையன், பெரியவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"தம்பி, ஆட்டம் ஆரம்பிச்ச உடனே நீ ஒரு பந்து போடணும். பக்கத்துலேர்ந்து போட்டாக்கூடப் போதும்."

"நான் எப்பவும் அவசரப்பட மாட்டேன் சார். ஆட்டம் என்னைத் தேடி வரட்டும்னு பொறுமையா இருப்பேன்."

"அது உன்னைத் தேடி வர்றதுக்குள்ள என் இடுப்பு என்னை விட்டே போயிருக்கும்டா!"

பையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிரித்து, கை குலுக்கி, வெர்லினின் தொப்பியில் கையெழுத்துப் போட்டு அனுப்பினான். காரில் வரும்போது வெர்லின் அந்தத் தொப்பியைப் பின்சீட்டில் வீசினான்.

நவம்பரில் முதல் ஆட்டம். வெர்லினுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் நடைபாதை ஓரமாக ஜனெல். பந்து மேலே எறியப்பட்டது, எல்லோரும் எழுந்தோம், கை தட்ட ஆரம்பித்தோம்.

ரிக்கெட்ஸின் முதல் பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது வளையத்தைக்கூடத் தொடவில்லை. மற்றவர்கள் போட்டதும் போகவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள், இவர்கள் ஒவ்வொரு தடவையும் தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை ரிக்கெட்ஸுக்கு முன்னால் ஓர் ஆள்கூட இல்லை, கோவில் மாதிரித் திறந்து கிடந்தது. அவன் பந்தை இன்னொருவனுக்குத் தள்ளிவிட்டான்.

"போடேன்டா!" என்று வெர்லின் அலறினான். "போட்டுத் தொலையேன்டா!"

அடுத்து ரிக்கெட்ஸை ஒருவன் இடித்துத் தள்ள, இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. இரண்டும் உள்ளே போயின. எதிரே மாணவர் பகுதி முழுதும் பொத்தென்று உட்கார்ந்தது. இப்போதைய பிள்ளைகளுக்குப் புள்ளி வந்தால் சரி. எங்கள் பகுதி மட்டும் நின்றது. கை தட்டுவது எப்போதோ நின்றுபோயிருந்தது, ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

"அதான் விழுந்துச்சேப்பா, உக்காரு" என்றாள் ஜனெல்.

"அது கூடை இல்ல."

"உன் கால் நடுங்குது. எனக்குத் தெரியுது."

"அது கூடை இல்லம்மா!"

அவன் கால் உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தது. டிக்கெட் போயிற்று என்றுதான் நான் நினைத்தேன். அப்போது யாரோ அவன் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தார்கள். எரிச்சலோடு திரும்பினான். ஆட்டம் நடக்கும்போது அவன் பின்னால் திரும்பி நான் பார்த்ததே இல்லை.

வில்மா டீச்சர் இரண்டு கையாலும் அவன் கோட்டைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"டீச்சர், உக்காருங்க!"

"நீ முதல்ல உக்காருடா."

"கூடை விழாம நான் உக்கார மாட்டேன்."

"அப்போ நானும் உக்கார மாட்டேன். உன்னைய நிக்க விட்டுட்டு நான் உக்காருவேனா?"

அதற்கு அடுத்த வரிசையிலிருந்து கோய் கெஞ்சினான்: "யோவ் வெர்லின், புண்ணியமாப் போகும், உக்காருய்யா! நீ நிக்கறியேன்னுதான் இங்க எல்லாரும் நிக்கறோம். என் மூட்டு எரியுது!"

வெர்லின் வரிசை வரிசையாக எங்களைப் பார்த்தான். வலியில் சுளித்த முகங்கள், கைப்பிடியில் சாய்ந்த உடம்புகள். என்னையும் பார்த்தான். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். பிறகு வெர்லின் ஸ்டக்கி உட்கார்ந்தான்.

எங்கள் பகுதி முழுதும் அவனோடு சேர்ந்து உட்கார்ந்தது. வில்மா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினார். சற்று நேரம் கழித்து ரிக்கெட்ஸ் தூரத்திலிருந்து ஒரு பந்து போட்டான், உள்ளே போனது. மாணவர்கள் துள்ளினார்கள். எங்களுக்குக் கை தட்டக்கூடத் தெம்பில்லை.

"எத்தன வருஷமா எனக்காக நிக்கறீங்க?" என்று வெர்லின் கேட்டான்.

கோய் குனிந்து தன் மூட்டைத் தேய்த்துக்கொண்டான்.

"டீமுக்காக நிக்கறீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றான்.

ஜனெல் அவன் கையைப் பிடித்தாள். "நீ உக்காந்துட்டேப்பா. டிக்கெட் உன்கிட்டயே இருக்கட்டும். சொன்னா சொன்னதுதான்."

"இருக்கட்டும்" என்றான். இடைவேளையில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை மதிய ஆட்டத்துக்கு அவன் வரவில்லை. எனக்குப் பக்கத்தில் இரண்டு இடமும் காலி. பந்து மேலே போனது, எங்கள் ஆள் தட்டிவிட்டான், நேராக ரிக்கெட்ஸின் கைக்கு வந்தது. அவன் யோசிக்கவே இல்லை, போட்டான். உள்ளே போயிற்று! நாங்கள் எழுந்து இடுப்பை நிமிர்த்துவதற்குள் உட்கார வேண்டியதாகிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் எதிரணிக்காரர்களே பயந்திருப்பார்கள். அந்தப் பந்தை ஒரு வாரம் முன்னால் போட்டிருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும்?

ஆட்டம் முடிந்ததும் நேரே வெர்லின் வீட்டுக்குப் போனேன். நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். ஜனெல் கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்க, ஆர்வின் மாமா. நீங்களாவது சொல்லுங்க. இங்கயும் நின்னுக்கிட்டுதான் ரேடியோ கேட்டாரு. கூடை விழுந்தப்புறம்தான் உக்காந்தாரு."

சமையலறையில் வெர்லின் நாற்காலியில் இருந்தான். என்னைப் பார்த்ததும், "பய பரவால்ல" என்றான். "எடுத்த எடுப்புலயே போட்டுட்டான். கத்துக்கிட்டான்."

"பரவால்லயா! வந்து பாத்திருக்கலாம்ல? டிக்கெட் உன்கிட்ட இருக்கு. பொண்ணு உன்னைத் தடுக்கல. இங்க நிக்கறவன் அங்க வந்து நின்னா என்ன?"

"அங்க நான் நின்னா டீச்சரும் நிப்பாங்க."

"அப்போ அங்க உக்காந்துகிட்டே பாரு!"

"பாத்தேனே. என்னால முடியாது, ஆர்வின். அன்னைக்கு உக்காந்தது எனக்கு இன்னும் தொண்டையில நிக்குது." கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "நான் வராம இருந்தாத்தான் அவங்க நிம்மதியா உக்காருவாங்க. அந்த வயசுல விழுந்து எலும்பு முறிஞ்சா ஒட்டாது."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "உக்காருவாங்களா? யார் உக்காந்தா? இன்னைக்கு ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, எங்க எல்லாருக்கும் முதல்ல எந்திரிச்சது அவங்கதான்டா, முட்டாளே! உன் காலிச் சீட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. 'உக்காருங்க டீச்சர், அவன்தான் வரலையே'ன்னேன். 'அதுக்குத்தான்டா நிக்கறேன்'னாங்க!"

வெர்லினுக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது.

"அந்தம்மாவுக்கு என்ன புடிவாதம் பாத்தியா?" என்றான் கோபமாக. "சொன்னா கேக்கற ஜென்மமே இல்ல!"

ஜனெல் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு மேசையருகே உட்கார்ந்துவிட்டாள்.