சாந்தாமணியின் வெள்ளைப் பக்கம்

உச்சி வெயிலில் மொட்டை மாடிக்குப் போய், கண்ணாடியைக் கழற்றிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, கைப்பேசியை ஒரு முழம் தள்ளிப் பிடித்தபடி சாந்தாமணி எண்களை உரக்கப் படிக்கிறார். "இருவத்தோரு கேஜ். முப்பத்தாறு, நாப்பத்தெட்டு, அம்பத்திரண்டு." வெயில் திரையில் அடித்தும் எண் தெரிந்தால் அந்தப் பக்கம் தேறியது என்று பொருள். தெரியாவிட்டால் கீழே இறங்கி எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு மறுபடி படியேறுவார். அறுபது வயதில் முழங்கால் வலியோடு இதென்ன வேலை என்று துடியலூரில் அந்தத் தெருவில் இப்போது யாரும் கேட்பதில்லை. எதிர்வீட்டு அம்மாள் மட்டும், "அக்கா வெயிலுக்கு மந்திரம் சொல்றாங்களாட்ட இருக்குதுங்க" என்பார்.

அவர் படிப்பது மோட்டார்களின் காயில் கணக்கு, அதாவது கம்பிச்சுருள் கணக்கு. ஒரு மோட்டார் புகைந்து போனால், உள்ளே கருகிய செம்புக் கம்பியை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். கம்பியின் தடிமன் எத்தனை கேஜ், எந்தக் காயிலுக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சுற்று ஏறிப்போனால் மோட்டாருக்கு வலு இருக்காது. குறைந்துபோனால் ஒரே வாரத்தில் மறுபடி புகையும். பம்ப் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடம் காயில் சுற்றி, அந்தப் பிரிவுக்கே சூப்பர்வைசராகி ஓய்வுபெற்ற சாந்தாமணி, ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் மோட்டார்களின் கணக்கை இணையதளத்தில் போட்டு வைத்திருக்கிறார். ஒரு மாதக் கம்ப்யூட்டர் வகுப்பில் கற்றதை வைத்துத் தானே கட்டிய தளம் அது. வெள்ளைத் தரையில் கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். ஒரு மோட்டாருக்கு ஒரு பக்கம், அதுவும் ஒரு திரைக்குள் முடிந்துவிடும்.

எண்களுக்குக் கீழே சமயத்தில் ஒரு வரி இருக்கும். 'இதன் மூடி கையைக் கிழிக்கும், பார்த்துக் கழற்றவும்.' 'இதை விற்றவர் ஒன்றரை ஹெச்.பி. என்றிருப்பார், நம்ப வேண்டாம்.' யாராவது புது மோட்டாரின் கணக்கை அனுப்பினால் உடனே ஏற்றிவிட மாட்டார். வேறு ஊர்க்காரர் ஒருவரும் அதே எண்ணைச் சொல்லியாக வேண்டும். "ஒருத்தரு சொன்னா அது சேதிங்க. ரெண்டு பேரு சொன்னாத்தானுங்க கணக்கு" என்பார். அதனால்தான் போத்தனூரிலிருந்து பல்லடம் வரை மெக்கானிக்குகள் அந்தப் பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள்.

அவருடைய ஒரே மகள் நந்திதா, சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் இணையதளங்களுக்கு முகம் வடிவமைப்பவள். ஊரார் தளங்களையெல்லாம் மணப்பெண்ணாக்கும் மகளுக்கு அம்மாவின் தளம் உறுத்தாமல் இருக்குமா? கூட வேலை பார்க்கும் பவன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "இந்த சைட்டுக்கு இன்னும் கரண்ட் வருதா?" என்று கேட்டுச் சிரித்தானாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தாள். அதிகம் தேடப்படும் இருநூறு மோட்டார்களைக் கடை கடையாகப் போய்ப் படமெடுத்தாள். அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளன்று புதுத் தளத்தைத் திறந்து காட்டினாள்.

சாந்தாமணி சொக்கிப்போனார். இத்தனை காலம் பிசுக்கும் வார்னிஷுமாகப் பார்த்த மோட்டார்கள் நீலப் பின்னணியில் நகைக்கடைச் சாமான்போல மின்னின. மேலே பெரிய படம், அதைத் தள்ளினால் கீழே எண்கள், பெயரை அடித்தால் தேடித்தர ஒரு பெட்டி. "மோட்டாருக்கு இத்தன லட்சணம் இருக்குதுன்னு எனக்கே தெரியாது கண்ணு" என்றார். ஆனாலும் ஆள் விடாக்கண்டி. அன்று மத்தியானமே மாடிக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்த்தார். எண்கள் பளிச்சென்று தெரிந்தன. மகள் பாஸ். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழைய பக்கம் போய்ப் புதிய பக்கம் வந்தது.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு முதல் அழைப்பு வந்தது. பல்லடத்து மெக்கானிக் காளிச்சாமியின் மனைவி பூவாத்தாள். அவர்கள் தொழில் செய்யும் முறை இதுதான்: காளிச்சாமி தோட்டத்துக்குப் போய் மோட்டாரைக் கழற்றி, பெயர்த்தகட்டைப் பார்த்து, சாந்தாமணியின் பக்கத்தைத் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் கடைக்கு அனுப்புவார். அவர் மோட்டாரை வண்டியில் ஏற்றி வந்து சேர்வதற்குள் பூவாத்தாள் பாதிக் காயிலைச் சுற்றி வைத்திருப்பார். பத்து வருடப் பழக்கம். கண் பார்ப்பதற்கு முன்பே கை அமுக்கிவிடும். அன்றும் அமுக்கிவிட்டது.

"ஏனுங்கக்கா, மோட்டாரு படந்தானுங்க வந்திருக்குது. படம் நல்லாத்தான் இருக்குது. ஆனா அதப் பாத்து எப்படீங்க காயில் சுத்தறது?" என்றார் பூவாத்தாள். "அவரு வண்டியில வாராரு, போனை எடுக்கறதில்லீங்க. பண்ணையில எட்டாயிரம் கோழிங்க. தொட்டித் தண்ணி மத்தியானத்துக்குத் தாங்காதுங்க."

கம்பெனிக்குள்ளேயே காலம் தள்ளியவர் சாந்தாமணி. தோட்டத்தில் நிற்கும் ஆட்கள் பக்கத்தைப் படிப்பதில்லை, படம் பிடித்து அனுப்புகிறார்கள் என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும். மோட்டாரின் பெயரைக் கேட்டுத் தேடியெடுத்து, ஒவ்வொரு எண்ணையும் இரண்டு தரம் சொன்னார். பதினொன்றரைக்குப் பூவாத்தாள் மறுபடி கூப்பிட்டு, "தண்ணி ஏறிருச்சுங்கக்கா" என்ற பிறகுதான் காலைச் சாப்பாட்டுக்கே உட்கார்ந்தார்.

ஆனால் அதற்குள் வேறு பலர் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோருக்கும் படம் வந்திருந்தது, யாருக்கும் சுற்று வரவில்லை. தள்ளினால் கீழே எண் இருப்பது, கடையில் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் பார்க்கிறவர்களுக்கு எங்கே தெரியும்? சாந்தாமணி சலிக்காமல் எண்களைச் சொன்னார். சொல்லி முடித்து ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்தார்: "எம்புள்ளகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க. ஆசையாச் செஞ்சிருக்கறா." யாரம்மா இத்தனை போன் என்று நந்திதா கேட்டபோது, "எல்லாம் கம்பெனிச் சிநேகிதிக கண்ணு. பொறந்தநாளு விசாரிக்கறாங்க" என்று கூசாமல் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எத்தனை நாள் முடியும்?

ஒரு நாள்கூட முடியவில்லை. ஞாயிறு காலை அவர் குளிக்கப் போயிருந்த நேரம் கைப்பேசி அடிக்க, நந்திதா எடுத்தாள். போத்தனூர் இல்யாஸ். இந்தப் பக்கம் யாரென்று கேட்கும் பொறுமை அவருக்கு இல்லை.

"அக்கா, நேத்துச் சொன்னீங்களே ரெண்டு ஹெச்.பி. கணக்கு, அத இன்னொருக்கா சொல்லுங்க. எழுதின சீட்டைத் தொலைச்சுப்போட்டேன். புதுப் பக்கத்துல படம் எடுத்தா மோட்டாரு மூஞ்சிதானுங்க விழுகுது. பாப்பாகிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லலீங்க, பயப்படாதீங்க."

நந்திதா எந்த மோட்டாரென்று மட்டும் கேட்டுக்கொண்டு, தன் கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, தானே எடுத்த படத்தைத் தள்ளிவிட்டு, எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி வைத்துவிட்டாள். ஈரத் தலையோடு அம்மா வந்து நின்றார்.

"இது மாதிரி எத்தன பேரும்மா கூப்பிட்டாங்க?"

"ஒரு நாலஞ்சு பேரு இருக்கும் கண்ணு."

நந்திதா அழைப்புப் பட்டியலை எண்ணினாள். முப்பத்தொன்று. "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"பன்னண்டு ஞாயித்துக்கெழமை உக்காந்து செஞ்சியே அம்மணி. அவிகளுக்கு ரெண்டு நிமிசம் வாயில சொன்னா முடிஞ்சுது. எனக்கென்ன வெட்டி முறிக்கற வேலையா இருக்குது?"

"வருசம் பூரா வாயிலயே சொல்லிட்டு இருப்பியா?"

"இருந்துக்கலாம்னுதான் நெனச்சேன்" என்றார் சாந்தாமணி.

நந்திதாவுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழைய வெள்ளைப் பக்கத்தைத் திரும்ப ஏற்றினார்கள். தேடும் பெட்டியை மட்டும் சாந்தாமணி விடவில்லை. "இது நல்லாருக்குது. இது எடத்த அடைக்கறதில்ல" என்றார். புதுத் தளத்தை நந்திதா அழிக்கப் போனபோது அம்மாவின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. "அத எனக்கு மட்டும் எங்கியாச்சும் வெச்சுக் குடு கண்ணு." வேறொரு முகவரியில், அம்மாவின் கைப்பேசிக்கு மட்டும் தெரியும்படி அதை வைத்துக் கொடுத்தாள். திங்கட்கிழமை போன் ஒருமுறைகூட அடிக்கவில்லை. எல்லோருக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது.

போன முகூர்த்தத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைப் பார்க்க முடிந்தது. பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் பக்கத்து நாற்காலிப் பெண்மணி, "ஏனுங்க, நீங்க நெட்டுல மோட்டாருக்கு என்னமோ நடத்தறீங்களாமா? எப்படி இருக்குமுங்க அது?" என்று கேட்டார். சாந்தாமணி கைப்பேசியை எடுத்தார். ஊரெல்லாம் நம்பும் வெள்ளைப் பக்கத்தை அவர் திறக்கவில்லை. நீலப் பின்னணியில் முதல் படம் வந்தது. சேலைத் தலைப்பால் திரையை ஒருமுறை துடைத்து, "எம்புள்ள செஞ்சதுங்க" என்று அந்தம்மாள் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படமாக நகர்த்தினார். கேஜும் சுற்றும் கீழிருந்து எட்டிப் பார்க்கும் முன்னால், அவர் விரல் அடுத்த படத்துக்குப் போய்விட்டது.