அந்த வண்டிக்கு இந்த டயர் போதுமா

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் சாலையோரம் எனக்கு ஒரு டயர் கடை இருக்கிறது. பல வருஷம் லாரி டயர் மட்டும்தான் விற்றேன். ஊரில் கார்கள் பெருகிய பிறகு பக்கத்துக் கொட்டகையையும் பிடித்து, முன்னால் முழுக்கக் கண்ணாடி போட்டு, சக்கரங்களை நேர்படுத்தும் அலைன்மென்ட் மேடை வைத்தேன். நானும் என் மனைவியும் சேர்ந்துதான் கடையை நடத்துகிறோம். டயரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும். கழற்றி மாட்டுவதற்கு இரண்டு பேர் இருக்கிறார்கள்.

ஒரு புரட்டாசி மாதத்துக் காலையில் அந்தக் கார் வந்தது. ஜெர்மன் வண்டி, பெங்களூரில் ஒருவர் ஓட்டி விற்றது. தரையோடு படுத்த மாதிரி உருவம். உள்ளே நுழையும்போதே அதன் உறுமலில் முன்பக்கக் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டு சகோதரர்கள் இறங்கினார்கள். அண்ணன்காரருக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் வண்டித் தொழில். அவருடைய போர்வெல் லாரிகள் வடக்கே ஓடிக்கொண்டிருந்தன. தம்பி பொறியியல் முடித்துவிட்டுக் கோழித்தீவனம் அரைக்கும் ஆலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாங்கிய வண்டிதான். ஆனால் சாவி தம்பியின் விரலில்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

நாலு டயரும் வழுக்கையாகத் தேய்ந்திருந்தன. அதே வெளிநாட்டு டயரை வரவழைத்தால் என்ன விலை என்று சொன்னேன். அண்ணன்காரர் சிரித்துவிட்டார். நடுத்தர விலையில் நல்ல பெயர் எடுத்த ஒரு டயர் என்னிடம் இருந்தது. அதே அளவு, அந்த வண்டி கேட்கிற எடையும் வேகமும் தாங்கும் என்பதற்கான குறி பக்கவாட்டில் இருந்தது. அதைப் போட்டால் என்ன குறையும் என்று கேட்டார்கள். நான் மறைக்கவில்லை. விலை கூடிய டயரின் ரப்பர் மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும், ஆனால் ஈரத்தில் தரையைக் கவ்வும். இது கொஞ்சம் கெட்டி ரப்பர். காய்ந்த ரோட்டில், நம் ஊர் வேகத்தில், வித்தியாசம் தெரியாது. மழையில் அதிவேகமாகப் போய் பிரேக் அடித்தால் சற்றுத் தள்ளித்தான் நிற்கும். இவ்வளவையும் சொன்னேன். தம்பிக்குப் பொறுமை இல்லை.

"போதுமா, போதாதா? ஒரே வார்த்தைல சொல்லுங்ணா."

"அளவா ஓட்டுனாப் போதுமுங்க" என்றேன்.

அவர்கள் அந்தப் 'போதும்' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, நாலிலும் அந்த நடுத்தர டயரையே மாட்டிக்கொண்டு போனார்கள். தம்பி வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ரோட்டில் ஏறியதும் ஒரு மிதி மிதித்தார். புது டயர் கிறீச்சிட்டுக் கறுப்புக் கோடு இழுத்தது. எதிரே முட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒதுங்கிக் கத்திவிட்டுப் போனார். என் மனைவி அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்றாள்.

ஐப்பசி மழையில் அது நடந்தது. எங்கள் மாவட்டத்து வேலூரிலிருந்து ஜேடர்பாளையம் போகிற ரோட்டில், வாய்க்கால் ஓரம், சாயங்கால வெளிச்சத்திலேயே. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்த ரோடு முழுக்க வயல் சேறு. கார் டிரெய்லருக்கு அடியில் புகுந்துவிட்டது. கரும்புக் கட்டுகள் முன்கண்ணாடியைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கின. ஓட்டிய தம்பியை வெளியே எடுக்க முடியவில்லை. வாழைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் அரிவாளோடு ஓடிவந்து கரும்பை வெட்டி வெட்டித்தான் வழி செய்தார்களாம். அதற்குள் உயிர் போயிருந்தது. அண்ணனுக்குத் தொடை எலும்பு இரண்டாக முறிந்து, முகத்தில் கண்ணாடித் துண்டுகள். டிராக்டர் ஓட்டியவர் இறங்கிப் பார்த்துவிட்டு வாய்க்கால் கரையில் வாந்தி எடுத்தார் என்று சொன்னார்கள். எனக்கு இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு என் காதுக்கு எதுவும் வரவில்லை.

மறுநாளைக்கு மறுநாள் காலை, கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். இரண்டு வேன்கள் வாசலை மறித்து நின்றன. இறங்கியவர்கள் கையில் ஜாக்கி ராடு, மண்வெட்டிப் பிடி. ஒருவர்கூட வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. முதலில் கண்ணாடி போனது. அது உடைந்து விழுகிற சத்தம் அடங்குவதற்குள் அலைன்மென்ட் திரை, மேஜை, மின்விசிறி என்று எல்லாம் நொறுங்கியது. வேலை செய்பவர்களில் ஒருவர் பின்பக்கம் ஓடினார். இன்னொருவர் என்னை மறைக்கப் பார்த்தார். அவரை மூன்று பேர் கீழே தள்ளி மிதித்தார்கள். இடுப்பில் ஒரு மிதி, முகத்தில் ஒரு மிதி. அவர் பற்கள் சிமெண்டில் இடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் என்னை நோக்கி வந்தார். இறந்தவரின் தாய்மாமன் என்பது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் கடையிலேயே கிடந்த, சக்கர நட்டுக் கழற்றும் வீல் பானாவை எடுத்துக்கொண்டார்.

"வெடிக்கற டயரை வித்துப்போட்டு ஊட்ல சோறு திங்கறயாடா?"

யாருடைய டயர், எங்கே வெடித்தது என்று நான் கேட்கத் தொடங்கினேன். வாக்கியம் முடியவில்லை. பானா இடது தோளில் இறங்கியது. எலும்பு முறிகிற சத்தம் வெளியிலிருந்து அல்ல, என் தலைக்குள்ளிருந்து கேட்டது. விழுந்தேன். இரண்டாவது அடி முதுகில். மூன்றாவதற்கு அவர் கை ஓங்கியபோது என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால் அவர் தன் மணிக்கட்டைப் பிடித்தபடி மண்டியிட்டிருந்தார். என் மனைவி டயர் நெம்புகிற லீவரோடு எனக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். அவள் நெற்றியில் கண்ணாடி கிழித்து ரத்தம் புருவத்தில் தேங்கியிருந்தது. அதை அவள் துடைக்கவில்லை.

"இன்னொருத்தன் கிட்ட வந்தா மண்டையில போடுவேன்" என்று சொன்னாள். கத்தவில்லை. விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

யாரும் கிட்ட வரவில்லை. பெரியவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருவன் கம்ப்ரஸர் குழாயை வெட்டிவிட்டுப் போனான். காற்று சீறிக்கொண்டே இருந்தது, தொட்டி காலியாகும் வரை.

ஆஸ்பத்திரியில் தோளுக்குத் தகடு வைத்துத் திருகினார்கள். எங்கள் ஆளுக்கு முன்பற்கள் போய், தாடையைக் கம்பியால் கட்டினார்கள். அங்கே படுத்திருக்கும்போதுதான் விபத்து விவரம் முழுக்கத் தெரிந்தது. டயர் வெடித்துத்தான் கார் நிலை தடுமாறியது என்று அண்ணன்காரர் தன் தாயிடம் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்களிடம் போயிருக்கிறது. அடக்கம் முடிந்த மறுநாள் கிளம்பி வந்துவிட்டார்கள்.

கட்டுப் போட்ட கையோடு போலீஸ் ஸ்டேஷன் வளாகத்துக்குப் போய் அந்தக் காரைப் பார்த்தேன். முன்பாதி நசுங்கிக் கிடந்தது. இருக்கையில் கரும்புச் சாறும் ரத்தமும் சேர்ந்து காய்ந்து, எறும்பு மொய்த்துக் கிடந்தது. மூன்று டயர்களில் காற்று அப்படியே இருந்தது. முன் இடது டயர் மட்டும் கிழிந்திருந்தது; ஆனால் அது மோதியபோது வளைந்த ரிம் வெட்டிய கிழிசல், பார்த்த உடனே தெரியும். வண்டியைச் சோதித்த அதிகாரியும் அதையே சொன்னார். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. டயர் வெடிக்கவில்லை, சரி. கவ்வியிருக்க வேண்டிய அளவுக்குக் கவ்வியதா என்ற கேள்வியை எந்த அதிகாரியும் எழுப்பவில்லை. எனக்கு மட்டும் அது தூக்கத்தில்கூட நின்றது. ஈர ரோட்டில் ஒரு கார் சறுக்கிக்கொண்டே போகும், நான் அதன் டயரைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்ப்பேன், தோள் கழன்று வரும்.

தை பிறந்து சில நாளில் அண்ணன்காரர் கடைக்கு வந்தார். ஊன்றுகோலோடு, தனியாக. முகத்தில் தழும்புகள் ஆறி இளஞ்சிவப்பாக இருந்தன. என் மனைவி எழுந்து நின்றுகொண்டாள். உட்காரச் சொல்லவில்லை. அவராகவும் உட்காரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிர்றனுங்க" என்றார். "அந்த வெல கூடுன டயரே போட்டிருந்தா எந்தம்பி உசுரோட இருந்திருப்பானாங்க?"

இல்லை என்று சொல்லியிருந்தால், கடையை உடைத்து அடித்தவர்கள் மேல் நாங்கள் போட்டிருந்த வழக்குக்கு நல்லது. ஆம் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் பழி போட ஓர் இடம் கிடைத்திருக்கும்.

"கொஞ்சம் முன்னால நின்னிருக்குமுங்க. அந்தக் கொஞ்சம் போதுமாங்கறது நீங்க போன வேகத்துலதானுங்க இருக்குது. எவ்வளவுல போனீங்க?"

அவர் சொன்ன வேகத்தைக் கேட்டு என் மனைவி லேசாக மூச்சை இழுத்தாள். அந்த ரோட்டில், அந்த மழையில், முன்னால் டிராக்டர் இருக்கும்போது, உலகத்தில் எந்த டயரும் அந்தக் காரை நிறுத்தியிருக்காது. அதை அப்படியே சொன்னேன். விலை கூடிய டயராக இருந்தால் மோதுகிற வேகம் கொஞ்சம் குறைந்திருக்கும், உயிர் தங்கியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசமாட்டேன் என்றும் சொன்னேன்.

அவர் ஊன்றுகோலைத் தூக்கினார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதைச் சுவரில் ஓங்கி அடித்தார். இன்னும் ஓங்கி, மறுபடியும், அலுமினியம் வளைந்து கைப்பிடி தெறிக்கும் வரை. பிறகு அந்தச் சுவரிலேயே சாய்ந்துகொண்டு பேசினார். தம்பி பயந்து வேகத்தைக் குறைத்தானாம். இவர்தான் விடவில்லையாம்.

"புது டயரு, ஈரத்துல புடிக்குதான்னு பாத்தர்லாம், மிதிடான்னு நாந்தானுங்க சொன்னேன். நீங்க சொன்னதைத்தான் சோதிச்சுப் பாக்கச் சொன்னேன்."

டயர் வெடித்தது என்று தாயிடம் சொன்னது அந்த ஒரு வார்த்தையை மறைக்கத்தான்.

அவருக்கு இரங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் தோள் வலித்தது, பக்கத்தில் தாடை கோணிய எங்கள் ஆள் ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார். என் மனைவிதான் பேசினாள். இதை எங்களிடம் சொல்லிப் பயனில்லை, கோர்ட்டில் சொல்லுங்கள் என்றாள். வழக்கை வாபஸ் வாங்கும் பேச்சுக்கு மட்டும் வரவேண்டாம் என்றும் சொன்னாள். அவர் வாபஸ் கேட்கவே இல்லை. வளைந்த ஊன்றுகோலோடு நொண்டியபடி போனார்.

அவர் கோர்ட்டுக்கு வந்து சொல்வார் என்று நான் நம்பவில்லை. இரண்டு வருஷம் இழுத்த வழக்கில், அவர் முறை வந்த நாளில், நேரத்துக்கு முன்பே வந்து மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கூண்டில் ஏறி, டயர் வெடிக்கவில்லை, வெடித்ததாகத் தாயிடம் பொய் சொன்னது தான்தான், தம்பியை வேகமாகப் போகச் சொன்னதும் தான்தான் என்று சொன்னார். குறுக்கு விசாரணையில் அவர் மாமனுடைய வக்கீல் அவரைக் குடிகாரர் என்று நிறுவப் பார்த்தார். அவர் மாற்றிச் சொல்லவில்லை. குற்றவாளிகள் வரிசையில் நின்ற மாமன் கோணலாகச் சேர்ந்த மணிக்கட்டைத் தடவியபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன்காரரின் தாயும் அன்றைக்கு வந்திருந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நாங்கள் வளாகத்துக்கு வந்தபோது, அந்த அம்மாள் மகனை வழிமறித்து நின்றார். மெலிந்த கைகள். முதல் அறை கன்னத்தில் விழுந்தது. தழும்புகளுக்கு மேலேயே மறுபடியும் மறுபடியும் அறைந்தார். கை சலித்ததும் காலிலிருந்து செருப்பைக் கழற்றினார்.

"புடிக்குதான்னு பாக்கச் சொன்னியா? எம் பையனை வெச்சா பாத்த?"

வக்கீல்களும் போலீஸ்காரர்களும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மகன் கையைக்கூடத் தூக்கித் தடுக்கவில்லை. உதடு கிழிந்து சட்டையில் ரத்தம் சொட்டியது. என் மனைவி ஓரடி முன்னே எடுத்து வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள். "நாம போக வேண்டாமுங்க" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. செருப்பு கையிலிருந்து நழுவியது. மகன் முறிந்து சேர்ந்த காலை நீட்டிக்கொண்டு, சிரமப்பட்டுக் குனிந்து, அந்தச் செருப்பை எடுத்துத் தாயின் காலடியில் வைத்தார். அந்த அம்மாள் காலை நுழைத்துக்கொண்டார். வெளியே நின்ற டவுன் பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். அந்த அம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மகன், பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் உட்காராமல், மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு தாய்க்குப் பக்கத்தில் நின்றபடியே போனார்.