அனுமார் படமும் ரயர்ச் சப்பாத்தும்

உங்கள் ஊர் மண்டப வாசலில் "பாதணிகளைக் கழற்றவும்" என்று எழுதியிருக்கிறதே, அது யாருடைய நன்மைக்கென்று ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா?

யாழ்ப்பாணத்து உடுவில் ஊர்த் தபால்காரர் அருமைத்துரை கேட்டார். எண்பத்தொன்பதாம் ஆண்டில் முறிந்த அவருடைய இடது கால், பொருந்தியபோது குட்டையாகிவிட்டது. குறையை ஈடுகட்ட, ரயர் றப்பரால் அடி உயர்த்திய சப்பாத்து ஒன்றைத் தைப்பித்துக்கொண்டார். காலில் பலம் ஏறினால்தான் மறுபடி சைக்கிள் மிதித்துக் கடிதம் கொடுக்கலாம். இல்லையென்றால் வேலை போய்விடும். அதற்காகவே பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு தேகப்பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அங்கே சுவரில் அனுமார் படம் தொங்கியது. அதனால் எல்லோரும் வெறுங்காலோடுதான் மண்டபத்துக்குள் சுற்றி ஓடவேண்டும். கோயில் வாசலில் கழற்றிப் பழகியவர்தானே, அருமைத்துரையும் கழற்றிவிட்டு ஓடினார். மூலையில் திரும்பும்போது சரிந்து விழுந்தார்.

எழுந்ததும் பயிற்சியாளர் செல்வநாதனிடம் போனார்.

"சப்பாத்தோடை ஓட விடுங்கோ, மாஸ்டர்."

"அனுமார் பாத்துக்கொண்டு நிக்கிறார், அண்ணை."

"இலங்கையை எரிச்சவர் என்ரை ரயர்ச் சப்பாத்துக்கே பயப்பிடப் போறார்?"

மண்டபமே சிரித்தது. அருமைத்துரை சிரிக்கவில்லை.

"படத்தை மாத்தலாம், மாஸ்டர். என்ரை காலை மாத்த ஏலாது."

செல்வநாதன் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, படத்தைத் தன் அறைக்குக் கொண்டுபோனார். வானம் இடிந்து விழவில்லை. அருமைத்துரை சப்பாத்தோடு ஓடினார். அடுத்த ஆவணியில் உடுவில் ஒழுங்கைகளில் அவருடைய சைக்கிள் மணி மறுபடி கேட்டது.

உங்கள் மண்டபத்துப் பலகை யாரையாவது விழுத்துகிறதா என்று போய்ப் பாருங்கள். விழுத்துகிறதென்றால், முதலில் அந்தப் பலகையைக் கழற்றுங்கள்.