எங்கள் தெருவின் டாக்டரம்மா

பொதுத்தேர்வு தொடங்கும் காலைகளில் எங்கள் வீட்டுக்குப் பேனாக்கள் வரும். சங்கரன்கோவிலில் நாங்கள் குடியிருந்த தெருவில், தேர்வு எழுதப்போகும் பிள்ளைகளை அம்மாக்களே கூட்டிவந்து, என் அக்காவிடம் புதுப் பேனாவை நீட்டி, "ஒரு சுழி போட்டுக் குடு மக்கா" என்பார்கள். பத்தாம் வகுப்பில் அக்கா ஊரிலேயே முதலாவதாக வந்ததிலிருந்து இந்த வழக்கம். செய்தித்தாளின் ஓரத்தில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுப்பாள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின்போது அவளுக்கும் அன்றைக்குப் பரீட்சை என்பது வந்தவர்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அப்பா விசைத்தறி ஓட்டினார். அக்கா படிக்க உட்கார்ந்தால் தறியை நிறுத்திவிடுவார். சத்தம் அடங்கியதும் அவள் புத்தகத்தை எடுத்துவிட்டாள் என்று தெருவுக்கே தெரியும். அடுப்படிக்குள் அவளை விடமாட்டார்கள். கல்யாண வீடுகளுக்கு நானும் அம்மாவும் மட்டும் போவோம். ஆடித்தபசுக்குச் சுற்றுவட்டாரமே எங்கள் ஊரில் கூடும்; கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் அக்கா அந்தக் கூட்டத்தைப் பார்த்ததில்லை. தெருவில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். பார்க்கிறவர்களெல்லாம் அவளிடம் மார்க்கைக் கேட்டார்கள். வேறு எதையும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பிலும் அவள்தான் முதல். சால்வை போர்த்தினார்கள், தெருமுனையில் அவள் படம் போட்டுத் தட்டி வைத்தார்கள். பிறகு நீட் முடிவு வந்தது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கிற அளவுக்கு மதிப்பெண் இல்லை. மறுபடி எழுதட்டும் என்று வெளியூர்ப் பயிற்சி மையம் ஒன்றில், விடுதியில் சேர்த்துவிட்டார்கள். தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்னால், யாரிடமும் சொல்லாமல், பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். இனிப் போகமாட்டேன் என்றாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அம்மா அழுதாள். அப்பா தறியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. விஷயம் கேள்விப்பட்டு வந்த அத்தைதான் வாய் திறந்தாள்.

"டாக்டருக்குப் படிக்கலன்னா இத்தன மார்க்கு என்னத்துக்குட்டி?"

"எனக்குக் கணக்குத்தான் பிடிக்கும் அத்த. டாக்டராவேன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

அப்பா தறியை நிறுத்தினார். அக்காவை ஏறிட்டுப் பார்க்காமல், அறுந்த இழையை முடிந்துகொண்டே சொன்னார்: "கணக்கே படி. யாரும் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்."

அடுத்த ஜூனில் கல்லூரியில் சேரும்வரை அக்கா வீட்டில்தான் இருந்தாள். தோசை சுடப் பழகி, பாதியைக் கருக்கினாள். அந்த மார்ச்சில் பேனாவோடு யாரும் வரவில்லை. அம்மாவுக்கு மனத்தாங்கல். அக்கா வெயில் ஏறும்வரை தூங்கினாள். கல்லூரியில் சேர்ந்த பிறகு வந்த ஆடித்தபசுக்கு என்னோடு வந்தவள், கூட்டத்தில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது திருநெல்வேலியில் கணிதத்தில் ஆய்வு செய்கிறாள். அது என்ன படிப்பு என்று தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. நன்றாக இருந்த பிள்ளை இப்படி ஆகிவிட்டதே என்று அம்மாவிடம் துக்கம் விசாரிப்பதுபோல் பேசுகிறார்கள். போன மாதம் அவளை பஸ் ஏற்றிவிடப் போனபோது, மளிகைக்கடை அண்ணாச்சி வழிமறித்து, "என்னம்மா, இன்னுமா படிக்குத?" என்று கேட்டார்.

"இப்பத்தான் படிக்குதேன் அண்ணாச்சி" என்றாள் அக்கா.