ரொட்டி வாசம் வீசிய வெள்ளைச் சட்டைகள்

கஞ்சி கொதிக்கிற வாசம், கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின் சூடு... காஜா பெராங் தெருவில் நாங்கள் வைத்திருந்த டோபிக் கடையை நினைத்தால் இரண்டும் இன்னும் முகத்தில் வந்து அடிக்கும்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் அது. எனக்குத் தாலிக் கயிற்றில் மஞ்சள்கூடக் காயவில்லை. என் வீட்டுக்காரர் ஆறுமுகம் துவைப்பார். நான் கஞ்சி போட்டுக் காயவைத்துத் தேய்ப்பேன். டோபிக்கு வெயில்தான் முதலாளி. அதனால் தினமும் காலையில் எங்களுக்குள் ஒரே சண்டை... இன்றைக்கு மழை வருமா, வராதா?

அவர் ரேடியோ கட்சி. எதிரே ரொட்டி சுடுகிற காதர் நானா கடையில் ரேடியோ உண்டு. ரொட்டி வாங்கப் போகிறவர், வானிலையையும் கேட்டுக்கொண்டு வருவார். ஏதோ கவர்னரே இவரிடம் ரகசியமாகச் சொல்லி அனுப்பிய மாதிரி ஒரு நடை.

நான் மூக்குக் கட்சி. கடல் பக்கமிருந்து வருகிற காற்றை மோந்து பார்த்துச் சொல்வேன். பள்ளிக்கூடம் அதிகம் போனதில்லை, ஆனால் மூக்கு பெரியது. உண்மையைச் சொன்னால், ரேடியோவும் என் மூக்கும் ஒரே அளவுக்குத்தான் பொய் சொல்லும்.

"ஒங்க ரேடியோ நல்லா நனைஞ்சிருச்சுங்க" என்பேன், கொடியிலிருந்து துணியை வாரிக்கொண்டு ஓடும்போது. மறுநாள் அவர் முறை. "என்னா புள்ள, மூக்குக்கு ஜலதோஷமா?"

அந்த வருஷம்தான் ஊர் பேண்டு வாத்தியக்காரர்களின் வெள்ளை உடுப்பு எங்களிடம் வந்தது. சுதந்திரத்துக்குப் பண்டார் ஹிலிர் பாடாங் திடலில் அணிவகுப்பு. அதுவரை அந்த வேலை ஜாலான் பெண்டஹாராவில் பெரிய டோபிக் கடை வைத்திருந்த சாமிக்கண்ணு அண்ணனுக்குத்தான் போகும். ஒரு காலரைக் கருக்கிவிட்டார் என்று பேண்டு மாஸ்டருக்குக் கோபம். நாங்கள் நன்றாகச் செய்தால் இனிமேல் பேண்டு எங்களுக்கு. கெடுத்தால்... ஊரே பார்க்க மானம் போகும்.

சாமிக்கண்ணு அண்ணன் சைக்கிளில் வந்து எங்கள் கொடியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா ஆறுமுகம், கோவணம் காயப்போடற எடத்துல பேண்டு உடுப்பா? முடியலன்னா வெக்கப்படாம தூக்கிட்டு வந்துரு."

என் வீட்டுக்காரர் குனிந்து துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். நான்தான், "அந்தக் கருகுன காலரயும் குடுத்தனுப்புங்கண்ணே, சேத்து வெளுத்துத் தரோம்" என்றேன்.

ஒத்திகையெல்லாம் முடிந்துதான் துணி கைக்கு வந்தது. அணிவகுப்புக்கு முந்தின நாள் காலை, ரேடியோ நல்ல வெயில் என்றது. அந்த ஆவணியில் தார் ரோடே இளகிக் கிடந்தது. நானும் மோந்து பார்த்தேன். காற்றில் ஈரமே இல்லை.

"மழை இல்லீங்க."

"ரேடியோவும் அதான் சொல்லுது."

கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அத்தனை வெள்ளையையும் கொடியில் ஏற்றினோம். பார்க்கவே கண் கூசியது.

கஞ்சிப் பானைகூட ஆறவில்லை, கிளேபாங் கடற்கரைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி வருகிற காற்று அது. வெயில் காலத்தில்தான் இப்படிச் சொல்லாமல் வந்து விழும். கொடி அறுந்து உடுப்பெல்லாம் சேற்றில். மறுபடி வாரி, மறுபடி அலசி, மறுபடி நீலம் போட்டோம். காற்று போய்விட்டது. மழை மட்டும் விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி உட்கார்ந்துகொண்டது. மத்தியானமாகியும் ஒரு காலர்கூடக் காயவில்லை.

அவரைக் காணோமே என்று தேடினால்... முற்றத்தில் நனைந்துகொண்டு, குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்தி மண்ணில் நட்டுக்கொண்டிருக்கிறார். மழையை நிறுத்த இந்த ஊரில் எல்லா இனத்துக்காரர்களும் செய்கிற வேலை அது.

"இதயும் ரேடியோவுலதான் சொன்னாங்களா?"

அவர் நிமிரவே இல்லை. "சிரிக்காத புள்ள. நாளைக்கு சாமிக்கண்ணு மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. மழை இன்னும் வலுத்தது. மிளகாய் போனதுதான் மிச்சம்.

அப்போதுதான் எதிரே காதர் நானா கடைப் புகைக்கூண்டு கண்ணில் பட்டது. தெருவே ஊறிக் கிடக்க, அந்தக் கூரை மட்டும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நேரே போய் நின்றேன்.

"நானா, ஒங்க அடுப்பு ரூம் வேணும். துணி காயப்போடணும்."

"ரொட்டில சவுக்காரம் வாசம் வந்தா எம் பொழப்பு என்னாவுறது தங்கச்சி?"

"ஒங்க ரேடியோதான் மழை இல்லன்னுச்சு. அதுக்கு ஒங்க அடுப்புதான் பதில் சொல்லணும்."

நானா வயிறு குலுங்கச் சிரித்தார். "சரி, கடைசி ஈடு எடுத்ததும் கொண்டா. எஞ் சட்டையும் ஒண்ணு வெளுத்துக் குடு. நாளைக்கு நானும் பாடாங்குக்கு வரணும்ல."

இருட்டுவதற்குள் அந்த அறையில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டிவிட்டோம். ரொட்டி அடுக்குகிற பலகைக்கு மேலேயும் கால்சட்டைகள். செங்கல் அடுப்புச் சூட்டில் துணியெல்லாம் மொறுமொறுவென்று விறைத்தது. நான் தேய்க்கத் தேய்க்க என் வீட்டுக்காரர் மடித்தார்.

மறுநாள் சுள்ளென்று வெயில். மழை வருமா என்று எங்கள் இரண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை, அதனால்தான் போலிருக்கிறது.

பேண்டு திடலில் இறங்கியது. வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. மடிப்பில் கை பட்டால் அறுக்கும். காற்று கூட்டத்துப் பக்கம் திரும்பியதும்... சுடச்சுட ரொட்டி வாசம். முன்வரிசைப் பிள்ளைகள் ரொட்டிக்காரர் எங்கே என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எக்காளம் ஊதுகிறவர் ஊதுவதற்கு முன்னால் தன் தோளையே மோந்து பார்த்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற சாமிக்கண்ணு அண்ணன் மெல்லக் கேட்டார். "என்னா சவுக்காரம் போட்டீங்க?"

"அது கடையில கெடைக்காதுண்ணே" என்றேன்.

என் வீட்டுக்காரர் அவர் முகத்தை நேரே பார்த்துச் சிரித்தார். பின்னால் நின்ற காதர் நானா, புது வெளுப்புச் சட்டையில், எங்களைவிடப் பெரிதாகச் சிரித்தார்.

பேண்டு மாஸ்டர் பிறகு சொன்னது இவ்வளவுதான். "அடுத்த தடவயும் அதே வாசம் வேணும்."

அதற்கப்புறம் எவ்வளவு வெயில் அடித்தாலும் பேண்டு உடுப்பு மட்டும் நானா கடையில்தான் காய்ந்தது.

இப்போது டிவியில் மேகம் நகர்வதையே படம் போட்டுக் காட்டுகிறார்கள். துணி காய்வதற்கு மெஷின் வந்துவிட்டது. நானா கடை இருந்த இடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை. ரொட்டி பிளாஸ்டிக் பையில் வருகிறது, பிரித்து முகத்தோடு வைத்தாலும் வாசமில்லை...

நான் மட்டும் கொடியை விடவில்லை. இன்று காலை என் வீட்டுக்காரர் டிவியைப் பார்த்துவிட்டு, "மழை இல்லையாம்" என்றார். நான் வாசலில் போய் மோந்து பார்த்தேன்.

"எனக்கும் அப்படித்தாங்க தோணுது."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மறுபேச்சில்லாமல் இரண்டு பேரும் பின்பக்கம் போய்த் துணியையெல்லாம் எடுத்துவிட்டோம்.